புள்ளிவிவரத்தை வைத்து ஏமாற்றுவதைப் பத்தாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கணக்கு டீச்சர்:
பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். திட்டவிலக்கம், மாறுபாட்டுக் கெழு எல்லாம் பிள்ளைகள் கடகடவென்று போடுகிறார்கள். ஆனால் கோச்சிங் சென்டர் பேனரில் 'எங்கள் மாணவர்கள் 200 பேர் தேர்ச்சி' என்று இருந்தால் அப்படியே நம்பிவிடுகிறார்கள். சனிக்கிழமை ஒரு பீரியட் கிடைக்கும். பிரசங்கம் பண்ணாமல் எப்படி ஆரம்பிக்கலாம்?

லேஅவுட்காரன்:
பத்திரிகையில் படம், சார்ட் போடுகிறவன் நான். பித்தலாட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள் டீச்சர், பண்ணச் சொல்லுங்கள். அவர்கள் பரீட்சைக் கணக்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2023-ல் 91.39 சதவீதம், 2024-ல் 91.55, 2025-ல் 93.80. பாதி வகுப்பு 'எங்கேயோ போய்விட்டது' என்று காட்டட்டும். மீதிப் பேர் 'ஒன்றும் பெரிதாக மாறவில்லை' என்று காட்டட்டும். எண்ணில் மட்டும் கை வைக்கக் கூடாது.

தூண் படத்தில் உயரத்தைக் காட்டும் அச்சை 91-ல் தொடங்கி, ஒரு சதவீதத்துக்கு 5 செ.மீ. வைத்தால் 2023-ன் தூண் 2 செ.மீ.கூட வராது, 2025-ன் தூண் 14 செ.மீ. ஏழு மடங்கு! பூஜ்ஜியத்தில் தொடங்கி, 10 சதவீதத்துக்கு ஒரு செ.மீ. என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு தாளையும் போர்டில் ஒட்டி, பி.டி. சாரைக் கூப்பிட்டு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள்.

வார்டு நர்ஸ்:
இதோடு விட்டால், பூஜ்ஜியத்தில் தொடங்காத படமெல்லாம் பொய் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடும். காய்ச்சல் சார்ட்டைப் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் 98.6-க்கும் 103-க்கும் வித்தியாசமே தெரியாது. அதையும் காட்டுங்கள்.

லேஅவுட்காரன்:
சரியாகச் சொன்னீர்கள் சிஸ்டர். தூணில் உயரம்தான் அளவு, அடியை வெட்டக் கூடாது. கோட்டுப் படத்தில் ஏற்ற இறக்கம்தான் சேதி, வெட்டலாம்.

அப்புறம் பேனர். 2022 யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வில் மொத்தமே 933 பேர்தான் தேர்வானார்கள். கோச்சிங் நிறுவனங்கள் 'எங்கள் மாணவர்' என்று சொன்னதையெல்லாம் கூட்டினால் அதைவிட அதிகம்! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. விசாரித்தால், பலர் சேர்ந்தது நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும். பிரிலிமினரி, மெயின் இரண்டையும் ஏற்கெனவே தாண்டி வந்தவர்கள். அதனால் ஒரே ஆளை நாலு சென்டரும் தன் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். எந்த கோர்ஸ், எத்தனை நாள், காசு கட்டினாரா என்பதை விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் விதிமுறையே வந்தது. உங்கள் ஊர் பேனரில் '200 பேர்' இருக்கும். பகுதி எண், அதாவது எத்தனை பேரில் 200 என்பது, எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்:
நல்ல யோசனை சார். பி.டி. சார் சனிக்கிழமை வரமாட்டார், சத்துணவு அக்காவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். 91-ல் தொடங்கலாம் என்று நானே சொல்லிவிடவா?

லேஅவுட்காரன்:
சொல்லாதீர்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தன் கண்டுபிடிப்பான், மற்றவர்கள் அவனைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.