கோதுமையும் மதுவும் ஆகாதவர்களுக்கு நற்கருணை: எந்தச் சபையில் என்ன வழி?

ஒலிவமரம் (கேள்வி)

பல சபைகளிலிருந்து சுமார் 120 பேர் கூடும் தியான முகாமுக்கு வழிபாட்டு ஏற்பாடுகளை நான் கவனிக்கிறேன். காலையில் கத்தோலிக்கத் திருப்பலி, மாலையில் மெதடிஸ்ட் போதகர் நடத்தும் இராப்போஜன ஆராதனை. இரண்டிலும் அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் நற்கருணை உண்டு; இரண்டும் தனித்தனி. யார் எதில் பங்குபெறுவது என்பது முன்பே பேசி முடிவானது.

எனக்குத் தெளிவு வேண்டியது வேறு விஷயத்தில். சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்கள் இருவர் வருகிறார்கள். ஒருவர் கத்தோலிக்கர், இன்னொருவர் மெதடிஸ்ட். கூட்டுத் திருப்பலி நிறைவேற்றும் குருக்களில் ஒருவருக்கு மது ஒரு சொட்டும் ஆகாது. அரிசி மாவில் செய்த அப்பமும், பாட்டிலில் வரும் திராட்சைச் சாறும் வாங்கி வைத்துவிட்டால் இரண்டு வழிபாட்டுக்கும் போதுமா?

பீடப்பணி

மாலைக்குப் போதும். காலைக்கு அரிசி அப்பம் அறவே ஆகாது. பாட்டில் சாற்றையும் நம்பி வாங்காதீர்கள்.

திருச்சபைச் சட்டம் எண் 924-இன்படி அப்பம் கோதுமையால் மட்டுமே செய்யப்பட்டிருக்க வேண்டும்; இரசம் திராட்சையிலிருந்து வந்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். அரிசி, சோளம், மரவள்ளி என எந்த மாவில் செய்தாலும் அங்கே நற்கருணையே உண்டாகாது என்பது கத்தோலிக்க நிலைப்பாடு. "அவசரத்துக்குப் பரவாயில்லை" என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. 2003-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் எழுதிய மடலும், 2017-இல் இறைவழிபாட்டுப் பேராயம் அனுப்பிய சுற்றறிக்கையும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குளூட்டன் குறைந்த அப்பம், வேறு பொருள் சேர்க்காமல் அப்பமாகத் திரளும் அளவுக்குக் குளூட்டன் இருந்தால், செல்லும்.

குறைந்த குளூட்டன் என்றால் எவ்வளவு என்று அந்த அன்பர் கட்டாயம் கேட்பார். கணக்கு இதோ. மக்களுக்குக் கொடுக்கும் சிறிய அப்பம் கால் கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கோதுமை மாவில் குளூட்டன் பத்தில் ஒரு பங்கு என்றால், ஓர் அப்பத்தில் 25 மில்லிகிராம். கோதுமை மாச்சத்தில் செய்த, 0.01 சதவீதம் குளூட்டன் உள்ள அப்பத்தில் 0.025 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பாதிப்பில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆனாலும் அவருடைய மருத்துவர் சொல்வதே முடிவு.

அதுவும் வேண்டாம் என்றால் இரசம் மட்டும் வாங்கலாம். எண் 925 இதற்கு இடம் தருகிறது. அப்பத்தில் மட்டுமோ இரசத்தில் மட்டுமோ வாங்கினாலும் கிறிஸ்து முழுமையாகவே வருகிறார் என்பது திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்கப் பொதுச்சங்கம் 1562-இல் உறுதிசெய்த போதனை. இரசம் மட்டும் வாங்குகிறவருக்கு எதுவும் குறைவதில்லை. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வரிசையில் நிற்கும்போது யாரும் சங்கடப்படக் கூடாது.

மது ஆகாத குருவுக்கு 'மஸ்தும்' என்ற சாறு உண்டு. புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு, அல்லது இயல்பு மாறாமல் உறையவைத்து நொதித்தலை நிறுத்திய சாறு. சர்க்கரையோ பாதுகாப்புப் பொருளோ சேர்த்த பாட்டில் சாறு மஸ்தும் ஆகாது. இதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். ஒருமுறை வாங்கினால் அந்த நிலைமை நீடிக்கும்வரை செல்லும். ஆகவே அவரிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். மஸ்தும் கிடைப்பதோ வைத்திருப்பதோ கடினம் என்றால், கூட்டுத் திருப்பலியில் அவர் அப்பம் மட்டும் உட்கொள்ளவும் அனுமதி பெறலாம். அவரே தலைமையேற்று மஸ்தும் பயன்படுத்தினால், மற்ற குருக்களுக்கு வழக்கமான இரசத்தோடு தனிக் கிண்ணம் வைக்க வேண்டும். குறைந்த குளூட்டன் அப்பத்துக்கும் ஆயரின் அனுமதி தேவை, பொதுநிலையினருக்கும் சேர்த்துத்தான்.

சபைமூப்பர்

ஸ்தோத்திரம். மாலை ஆராதனைக்கு என் யோசனை: எல்லோருக்குமே குளூட்டன் இல்லாத அப்பம் வையுங்கள். ஒருவருக்கு மட்டும் தனித்தட்டு வைத்தால் யாராவது ஒருவர் கை மாறி வைத்துவிடுவார். ஒரே அப்பமாக இருந்தால் பந்தியில் எவரும் தனித்துத் தெரிய மாட்டார்.

உறையை வாசிக்காமல் வாங்காதீர்கள். "ஸ்பெல்ட்", "காமுட்" என்று பழைய தானியப் பெயரில் விற்பவையும் கோதுமை இனம்தான்; குளூட்டன் உண்டு. "கோதுமை இல்லை" என்று போட்டிருந்தாலும் பார்லி இருக்கலாம். குளூட்டன் இல்லை என்று போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அளவு.

திராட்சரசத்துக்கு மெதடிஸ்ட் சபையில் கஷ்டமே இல்லை. 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாத்ததே இராப்போஜனத்துக்காகத்தான். மது நீக்கிய ஒயின் என்று விற்பதில் அரை சதவீதம் வரை மது மிஞ்சலாம், வாசனையும் அப்படியே இருக்கும். மதுவை விட்டவர்கள் வருகிற இடத்தில் அது வேண்டாம், சாறு போதும்.

அளவு: சின்னக் கிண்ணம் ஒன்றுக்கு 7 மில்லி ஊற்றினால் விளிம்பில் இடம் இருக்கும், கை நடுங்கினாலும் சிந்தாது. 120 பேருக்கு 840 மில்லி. ஒரு லிட்டர் வாங்குங்கள். ஒரு தட்டில் 40 கிண்ணம் பிடிக்கும் என்றால் மூன்று தட்டு. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஊற்றினால் போதும். முந்தின இரவே ஊற்றி வெளியே வைத்தால் சாறு புளிக்கத் தொடங்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: கிண்ணத் தட்டுகளை அடுக்கி, மேலே அப்பத் தட்டை வைப்பார்கள். அப்பத் தட்டைத் தூக்கும்போதெல்லாம் தூள் கீழே உள்ள கிண்ணங்களில் உதிரும். கோதுமை அப்பம் வைக்கிற நாளில் அந்த அடுக்கே சீலியாக் உள்ளவருக்கு ஆபத்து. அப்பத்தைத் தனி மேசையில் வையுங்கள்.

ஒலிவமரம்

இருவருக்கும் நன்றி. அந்தக் கத்தோலிக்க அன்பர் குறைந்த குளூட்டன் அப்பமே போதும் என்கிறார்; மருத்துவரும் சரி என்றாராம். அதைப் பீடத்தில் எங்கே, எப்படி வைப்பது? அதோடு, ஆர்த்தடாக்ஸ் சபையிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள். அவர்கள் தங்கள் சபைக்குப் போய்த்தான் வாங்குவார்கள். மனைவிக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. அவருக்கு என்ன சொல்வது?

பீடப்பணி

அப்பத்தைவிட அதன் தூள் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். பாதிப்பு பெரும்பாலும் அந்த வழியில்தான் வரும்.

மூடியுள்ள சிறு சிமிழில் அந்த ஓர் அப்பத்தை வையுங்கள். வழக்கமான அப்பங்களைத் தொடுவதற்கு முன்பே, கழுவி உலர்ந்த கையால். இந்த அப்பம் மெல்லியது, எளிதில் உடையும். ஈரக் கை பட்டால் சுருண்டுவிடும். காணிக்கையின்போது சிமிழைத் திருமேனித் துகிலின் (பீடத்தில் விரிக்கும் சிறு துணியின்) ஓரத்தில் வைத்து, இதையும் சேர்த்தே அர்ச்சிக்க வேண்டும் என்று குருவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எழுந்தேற்றம்வரை (குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும்வரை) திறந்திருக்கலாம். அப்பம் பிட்கும் நேரத்துக்குமுன் மூடி போட்டாக வேண்டும். பெரிய அப்பத்தை உடைக்கும்போது தூள் தெறிக்கும். அருகில் திறந்த சிமிழ் இருந்தால் செய்த ஏற்பாடெல்லாம் வீண்.

கொடுக்கும்போது குருவின் விரல்களில் கோதுமைத் தூள் இருக்கும். அப்பத்தை எடுத்துக் கொடுக்காமல் சிமிழைத் திறந்து நீட்டி, அவரே எடுத்துக்கொள்ளும்படி குருவிடம் கேட்டுப் பாருங்கள்.

வேறு யாராவது இரசம் மட்டும் கேட்டால் தலைமைக் கிண்ணத்திலிருந்து கொடுக்காதீர்கள். அப்பம் பிட்கும்போது ஒரு சிறு துண்டு அந்தக் கிண்ணத்தில் இடப்படுகிறது. அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் கிண்ணமும் அப்படியே. தனிக் கிண்ணத்தில் 10 மில்லி போதும். அதில் துண்டு இடாமல், அவரே முதலில் பருக வேண்டும்.

மஸ்தும் பற்றி விட்டுப்போனது: சிறுசிறு குப்பிகளாக உறையவைத்து, தேவையான அன்று காலையில் ஒன்றை மட்டும் உருக விடுங்கள். உருகியதை வெப்பத்தில் விட்டால் நொதிக்கும், மது உண்டாகும். மதுவை விடுவதற்கான டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவருக்குச் சிறிதளவு மதுவே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரச் செய்யும்.

கிழக்குவாசல்

ஆர்த்தடாக்ஸ் தம்பதிக்கு: அங்கே இது இன்னும் கடினம், ஆகையால் குருவிடம் முன்பே பேச வேண்டும். பைசாந்திய முறையில் (கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் வழிபாட்டு முறையில்) அப்பம் புளிப்பேற்றிய கோதுமை அப்பம். நடுவில் வெட்டியெடுக்கும் 'ஆட்டுக்குட்டி' என்ற பகுதி நான்காகப் பிட்கப்படும். ஒரு கால் பகுதியைக் கிண்ணத்தில் இட்டு, அதன்பின் சுடுநீர் ஊற்றுவார்கள். குருக்கள் வாங்கிய பிறகு மக்களுக்கான துண்டுகளையும் அதே கிண்ணத்தில் இட்டு, கரண்டியால் எடுத்து வாயில் கொடுப்பார்கள். மக்களிடம் வரும்போது கிண்ணத்தில் கோதுமை ஊறியிருக்கும். துண்டில்லாமல் இரசம் மட்டும் ஒரு துளி கொடுப்பது சிலருக்குப் போதும், சீலியாக் என்றால் போதாது. இலேசான ஒவ்வாமையா, உறுதியான சீலியாக்கா என்று அவர் முதலில் குருவிடம் சொல்லட்டும். அதற்கேற்பக் குருவும் ஆயரும் வழி சொல்வார்கள். முடிவில் எல்லோருக்கும் பகிரும் ஆசீர் அப்பத்தையும் அவர் தவிர்க்க வேண்டும். அது நற்கருணை அல்ல என்றாலும் அதே மாவுதான்.

மற்றவர்களும் வருவார்கள் என்றால்: ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் புளிக்காத சாறுதான், மது பிரச்சினை இல்லை, அவர்களுடைய அப்பம் புளிப்பில்லாதது, ஆனால் பொதுவாகக் கோதுமை. இரட்சணிய சேனையினரும் குவேக்கர்களும் இந்தச் சடங்கை நடத்துவதில்லை, அவர்களுக்கு எதுவும் தயாரிக்க வேண்டாம்.

சபைமூப்பர்

இன்னும் ஒன்று, பிரதர். மாலையில் மிஞ்சும் அப்பத்தையும் ரசத்தையும் என்ன செய்வது என்று போதகரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் அங்கேயே உட்கொள்ளச் சொல்வார்கள், சிலர் மண்ணில் ஊற்றச் சொல்வார்கள். காலைத் திருப்பலியில் மிஞ்சுவதைக் குருவே பார்த்துக்கொள்வார். அதில் நீங்கள் கைவைக்க வேண்டாம். அந்தச் சிமிழை மட்டும் மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவாமல், தனித் துணியால் துடைத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.