லிமரிக் எழுதக் கற்பித்தல்: கடைசி அடியில் சிரிப்பு வருவதில்லையே?

கேள்வி:
எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு லிமரிக் என்ற ஐந்தடி நகைச்சுவைப் பாட்டைக் கற்பித்து வருகிறேன். 1, 2, 5ஆம் அடிகளில் ஓர் இயைபு, குறுகிய 3, 4ஆம் அடிகளில் வேறோர் இயைபு என்ற அமைப்பை எளிதில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எல்லா அடிகளும் ‘வந்தான்’, ‘சென்றான்’, ‘தின்றான்’ என்றே முடிகின்றன. ஐந்தாம் அடியில் சிரிப்பும் வருவதில்லை. எங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்?

மறுமொழி 1:
வினைமுற்றில் அடியை முடிப்பதற்குச் சில வகுப்புகள்வரை தடை போடுங்கள். தமிழில் விகுதிகள் தாமாகவே ஒத்தொலிப்பதால், உழைக்காமலே இயைபு கிடைத்துவிடுகிறது. அதில் காதுக்கு வியப்பில்லை. சாவி, ஆவி, காவி, தேவி என்று பெயர்ச்சொற்களைக் கரும்பலகையில் திரட்டி, எவை சேர்ந்தால் வம்பு பிறக்கும் என்று கேளுங்கள். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டதாக ஒருவர் சொன்னால், முடிவு கிடைத்துவிட்டது. மற்ற அடிகளைப் பின்னிருந்து கட்டலாம்.

பெட்டிக்குப் பூட்டிட்டாள் தேவி;
பிறர்கையில் சிக்காது சாவி!
  நாளெல்லாம் தேடினாள்,
  நாற்புறமும் ஓடினாள்,
பெட்டிக்குள் கிடக்குதென்றாள் கூவி.

(‘தேடினாள்’, ‘ஓடினாள்’ வினைமுற்றுகள்தாமே என்பீர்கள். விகுதியோடு ‘தேடி’, ‘ஓடி’ என்ற ஒலியும் ஒத்திருப்பதால் மன்னிக்கலாம்.)

மறுமொழி 2:
மேலே உள்ள பாட்டில் சீர்கள் 3, 3, 2, 2, 3 என்று வருவதைக் கை தட்டிக் காட்டுங்கள்; ஆங்கில லிமரிக்கின் அசையழுத்தத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முயல்வது வீண். ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் லியர் 1846இல் வெளியிட்ட தொகுப்பின் பாடல்களில், முதல் அடியின் இறுதிச் சொல்லே பெரும்பாலும் கடைசி அடியிலும் திரும்ப வரும். தொடக்கநிலை மாணவர்களுக்கு அது நல்ல ஊன்றுகோல். ஆனால் திடீர்த் திருப்பத்துக்கு முன்மாதிரி ஆகாது. அதற்கு ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் குறும்பாக்களை (தமிழ் லிமரிக்குகளை) வாசிக்கக் கொடுங்கள். 1966இல் நூலாக வந்த அவை, இவ்வடிவம் தமிழில் இயல்பாக நடமாடும் என்பதற்குச் சான்று.

கேட்டவர்:
நன்றி. வகுப்புத் தோழர்களின் பெயரை வைத்து எழுதலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

மறுமொழி 1:
வேண்டாம்; கேலிக்கு ஆளானவர் மறுநாளே பதில் பாட்டோடு வருவார், அல்லது அழுதுகொண்டு வருவார். கற்பனைப் பெயரோ விலங்கோ போதும். எழுதியவரே தம்மைக் கிண்டல் செய்துகொள்ள விரும்பினால், தடுக்காதீர்கள்.