அந்த மொட்டை வேட்டைக்காரர் பேரு என்ன?

குழு: மேலத்தெரு சொந்தங்கள்

அம்மா: டிவில டைனோசர் படத்தோட ரெண்டாம் பாகம் ஓடுது. துப்பாக்கி வச்சிருக்குற மொட்டை வேட்டைக்காரர் யாரு? இந்த மூஞ்சிய எங்கயோ பார்த்திருக்கேன்

முரளி மாமா: அக்கா, ராத்திரி பதினொரு மணிக்கு டைனோசரா?

அம்மா: தூக்கம் வரலடா. தெரிஞ்சா சொல்லு

நான்: பீட் போஸ்ட்லெத்வெயிட் மா. ஜுராசிக் பார்க் ரெண்டாம் பாகம், 1997 படம் அது

முரளி மாமா: போஸ்ட்லெ... இது பேரா, போஸ்ட் ஆபீஸ் விலாசமா?

பெரியப்பா: 🎤 குரல் பதிவு 3:42

முரளி மாமா: அத்தான், டைப் பண்ணுங்க. பக்கத்துல பாப்பா தூங்குது

பெரியப்பா: சரி. முரளி கேட்டதையே அவரோட கூட நடிச்சவங்களும் கேட்டிருக்காங்க. பேரை மாத்துப்பா, இவ்வளவு நீளப் பேரை தியேட்டர் வாசல்ல விளக்குப் போட்டு எழுதினா கரண்ட் பில் கட்டுப்படியாகாதுன்னு கிண்டல். அவர் மாத்தவே இல்லை. அப்பா வச்ச பேரோடயே கடைசி வரைக்கும்.

திவ்யா அக்கா: அவர் பிறந்தது இங்கிலாந்துல வாரிங்டன் சித்தி, 1946. நான் மான்செஸ்டர்ல இருந்து லிவர்பூல் போற ரயில் அங்க நின்னுதான் போகும். சாதாரண தொழிலாளி வீடு. அப்பா மரப்பீப்பாய் செய்யறவர், அப்புறம் ஒரு ஸ்கூல்ல காவல் வேலை

அம்மா: அட. அப்புறம் எப்படி சினிமா?

பெரியப்பா: முதல்ல பாதிரியார் ஆகத்தான் ஆசை. அது நடக்கல. மான்செஸ்டர்ல கன்னியாஸ்திரீகள் நடத்துற பெண்கள் பள்ளியில நாடக வாத்தியார் வேலை. அதையும் விட்டுட்டுத்தான் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளி. அங்கிருந்து லிவர்பூல் எவ்ரிமேன் தியேட்டர். எழுபதுகள்ல அங்க கூட நடிச்சவங்க பில் நை, ஜூலி வால்டர்ஸ், ஜோனதன் பிரைஸ். எல்லாரும் அப்போ கையில காசில்லாத பசங்க.

முரளி மாமா: சரி, ஹீரோவா எதுலயாவது நடிச்சாரா?

பெரியப்பா: குணச்சித்திர நடிகர்டா. ஆனா 1993ல வந்த இன் த நேம் ஆஃப் த ஃபாதர் பார். 1974 கில்ட்ஃபோர்ட் குண்டுவெடிப்பு வழக்குல தப்பு செய்யாத மகனை உள்ள தள்ளுவாங்க. காப்பாத்த வந்த அப்பாவையும் சேர்த்து உள்ள போடுவாங்க. அந்த அப்பாதான் இவர். நிஜத்துலயும் அந்த அப்பா, ஜூசெப்பி கான்லன், 1980ல கைதியாவே செத்தார். தண்டனை தப்புன்னு கோர்ட் சொன்னது 1991ல.

நான்: மகனா டேனியல் டே லூயிஸ். ரெண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் பதினொண்ணுதான்!

அம்மா: பதினொரு வயசுல அப்பாவா 😳

பெரியப்பா: பார்க்கும்போது உனக்கு அது தோணவே தோணாதும்மா. நுரையீரல் கெட்டுப்போன மனுஷன், சத்தம் போட்டுக்கூட பேசமாட்டார். அவர் செத்த ராத்திரி கைதிங்க காகிதத்தைக் கொளுத்தி ஜன்னல் வழியா கீழ விடுவாங்க. இருட்டுல நெருப்பு நெருப்பா இறங்கும். அதுக்கு ஆஸ்கர் பட்டியல் வரைக்கும் போனார், கிடைக்கல.

அம்மா: இங்க விளம்பரம் வந்துடுச்சு. சொல்லுங்க அத்தான்

திவ்யா அக்கா: இந்த டைனோசர் படம் முடிஞ்சதும் அதோட டைரக்டர் ஸ்பீல்பெர்க் இவரை உலகத்துலயே சிறந்த நடிகர்னு சொன்னாராம். அதுக்கு இவர், "அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், 'தான்தான் சிறந்த நடிகர்னு பீட் நினைச்சிட்டிருக்கார்'னு சொல்லியிருப்பார்"னு சிரிச்சிட்டுப் போயிட்டாராம் 😂

முரளி மாமா: இவரைப் பிடிச்சிருக்கு எனக்கு

திவ்யா அக்கா: சித்தி, எனக்குப் பிடிச்சது பிராஸ்ட் ஆஃப். 1996. யார்க்‌ஷயர்ல ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை மூடப்போறாங்க. அந்தத் தொழிலாளிங்க வச்சிருக்குற பேண்டு குழுவுக்கு இவர்தான் தலைவர். நெஞ்செல்லாம் கரித்தூசி, ஆஸ்பத்திரியில கிடப்பார். ராத்திரி மொத்தக் குழுவும் ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னு வாசிக்கும். தலையில சுரங்கத் தொப்பி, அதுல விளக்கு எரிஞ்சிட்டு இருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்துல அழுதுடுவேன்

முரளி மாமா: நான் இப்ப நெட்ல பார்த்தேன். புது நிலக்கரி மின்நிலையத்துக்கு அனுமதி கொடுத்தா, பிரிட்டன் அரசு கொடுத்த ஓபிஇ பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துடுவேன்னு 2009ல சொன்னவராமே. படத்துல சுரங்கத்துக்காக அழுதுட்டு நிஜத்துல நிலக்கரி வேண்டாமா? என்ன கணக்கு அத்தான் இது

பெரியப்பா: நல்ல கேள்வி. அந்தப் படம் கரியைப் பத்தினது இல்லடா, அதை வெட்டினவங்களைப் பத்தினது. கடைசியில மேடையில நின்னு கோப்பையை வேண்டாம்னு சொல்லும்போது அவர் பேசுறதும் அதுதான். இசையைவிட மனுஷங்க பெருசுன்னு.

முரளி மாமா: ம். பாதி ஒத்துக்கிறேன்

அம்மா: ஆங் ஞாபகம் வந்துடுச்சு! கனவுக்குள்ள கனவு படத்துல படுக்கையில கிடக்குற பணக்காரக் கிழவர் இவர்தானே

நான்: அதேதான் மா! இன்செப்ஷன், 2010

பெரியப்பா: அதே வருஷம் த டவுன் படத்துல பூக்கடை வச்சிருக்குற ரவுடி. ரோஜாக்காம்பை நறுக்கிட்டே மிரட்டுவார். அடுத்த ஜனவரி 2ஆம் தேதி போயிட்டார். கணையப் புற்றுநோய். 64 வயசுதான். 2008ல தன்னை வளர்த்த எவ்ரிமேனுக்கே திரும்பிப் போய் ஷேக்ஸ்பியர் நாடகத்துல லியர் ராஜாவா நடிச்சிட்டு வந்திருந்தார்.

அம்மா: ச்ச. இங்க இப்ப அவரோட நண்பன் அஜய் செத்துட்டான். இனி சாவோட சகவாசம் போதும்னு வேலையை வேண்டாம்னுட்டு நடந்து போறார்

நான்: அவர் படத்துல நான் அடுத்து யூஷுவல் சஸ்பெக்ட்ஸ் பார்க்கப் போறேன். யாரும் கதை சொல்லாதீங்க

முரளி மாமா: சூப்பர் படம்டா. கோபயாஷின்னு ஒரு வக்கீலா வருவார். அந்தப் பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு கடைசியில காப்பிக் கோப்பையோட அடியில பார்ப்ப பாரு

திவ்யா அக்கா: மாமா!!!!

முரளி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: படிச்சிட்டேன் மாமா