ஞாயிறு மாலை டென்னிஸ் பெரோன் அஞ்சலிக்கு யார் வருகிறீர்கள்?

குழு: நம் குடும்பம்
30 ஜனவரி 2018, செவ்வாய்க்கிழமை

கல்யாணி (காலை 7:40): அனைவருக்கும் வணக்கம். கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கப் போராடிய டென்னிஸ் பெரோன் சனிக்கிழமை சான் பிரான்சிஸ்கோவில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அவருக்கு வயது 72. அவரை அறிந்த நாங்கள் சிலர் வரும் ஞாயிறு மாலை ஒரு நண்பரின் வீட்டில் கூடுகிறோம். எய்ட்ஸ் வார்டில் செவிலியாக இருந்தவள் என்ற முறையில் என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். முழங்கால் அறுவைக்குப் பிறகு நான் கார் ஓட்டுவதில்லை. முகிலா, என்னை அழைத்துச் செல்ல முடியுமா?

முகிலன் (7:46): கட்டாயம் வருகிறேன் அத்தை. நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

லட்சுமி (7:52): அன்று மாலை தேன்மொழி வீட்டில் எல்லோரும் கூடுவதாக அல்லவா பேசியிருந்தோம்?

சுந்தரம் (8:15): கஞ்சா விற்றுச் சிறைக்குப் போனவருக்கு அஞ்சலி செலுத்த நம் வீட்டுப் பிள்ளை போக வேண்டுமா? 1996இல் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன், கல்யாணி. இதில் நம் குடும்பத்தின் பெயரை இழுக்காதே.

தேன்மொழி (8:21): அப்பா, அத்தை முதலில் சொல்லி முடிக்கட்டும். அவர் சிறைக்குப் போனது உண்மையா, அத்தை?

கல்யாணி (8:58): உண்மைதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. வியட்நாம் போரில் விமானப்படையில் இருந்துவிட்டுத் திரும்பிய அவர், சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலினத்தவர் பலர் வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதியில் குடியேறி எழுபதுகளில் வெளிப்படையாகவே கஞ்சா விற்றார். 1977இல் நடந்த சோதனையின்போது காவலர் ஒருவர் சுட்டதில் அவருடைய காலில் குண்டு பாய்ந்தது. அதன் பிறகு சிறைவாசமும் அனுபவித்தார். தன்னைத் தன்பாலினத்தவர் என்று வெளிப்படையாக அறிவித்த நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கின் ஆதரவாளர்களில் அவரும் ஒருவர். கஞ்சாவுக்காகக் கைது செய்வதை நிறுத்தும்படி கேட்ட முன்மொழிவு ஒன்றை 1978 நவம்பரில் நகர வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார், மக்களும் அதை ஏற்றார்கள். ஆனால் அதே மாதம் மில்க்கும் மேயர் மாஸ்கோனியும் கொல்லப்பட்டதால் அது செயலுக்கு வரவில்லை. அதுவரைக்கும் மட்டுமே அவரை நான் அறிந்திருந்தால் அண்ணனைப் போலவே பேசியிருப்பேன். அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது 1990தான்.

அந்த ஆண்டு அவர் வீட்டில் மீண்டும் சோதனை நடந்து கஞ்சா கைப்பற்றப்பட்டது. அவருடைய துணைவர் ஜொனாதன் வெஸ்ட் எய்ட்ஸ் முற்றி எலும்பும் தோலுமாக இருந்த நேரம் அது. அந்த நிலையிலும் அவர் நீதிமன்றத்துக்கு வந்து, கைப்பற்றப்பட்டது தனக்கான மருந்து என்று சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடியானது. வெஸ்ட் சில நாட்களிலேயே இறந்துபோனார். பெரோன் பிறகு செய்த அனைத்தும் அந்தச் சாட்சியத்திலிருந்து தொடங்கியவை என்றே நான் நினைக்கிறேன்.

முகிலன் (9:03): இது எனக்குத் தெரியாது அத்தை.

கல்யாணி (9:31): அந்த நாட்களில் எங்கள் வார்டில் சாப்பாட்டுத் தட்டுகள் மூடி திறக்கப்படாமலே திரும்பிப் போகும். ஓர் இளைஞர், கரண்டியை வாய்க்கு அருகில் கொண்டுபோனாலே தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நோய் ஒரு பக்கம், மாத்திரைகள் தரும் குமட்டல் மறுபக்கம். வீட்டில் கஞ்சா பயன்படுத்திவிட்டு வந்த நோயாளிகள் அரைத் தட்டு உண்பதை என் கண்ணால் பார்த்தேன். அது நோயைக் குணப்படுத்தியது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அவர்களை உண்ண வைத்தது, அவ்வளவுதான். மேரி ராத்பன் என்ற முதிய பெண்மணி கஞ்சா கலந்த பிரௌனி சுட்டு எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து வந்தார். அதற்காகப் பலமுறை கைதானவர், பெரோனுடன் சேர்ந்து உழைத்தவர்.

மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கும்படி மாநிலத்தைக் கேட்ட முன்மொழிவு பி (P) என்பதை பெரோன் 1991இல் நகர மக்களின் முன் வைத்தார், ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். பிறகு நோயாளிகள் கஞ்சா வாங்கிக்கொள்ள ஒரு கொள்முதல் சங்கம் தொடங்கினார். நான் ஒரு நோயாளியைச் சக்கர நாற்காலியில் அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். வாசலில் மருத்துவரின் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். 1996 ஆகஸ்டில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் டான் லங்ரன் அங்கே சோதனை நடத்தச் செய்து சங்கத்தை மூடினார். மூன்று மாதம் கழித்து, பெரோனும் நண்பர்களும் எழுதிய முன்மொழிவு 215ஐ கலிபோர்னியா மக்கள் சுமார் 56 விழுக்காடு வாக்குகளால் நிறைவேற்றினார்கள். அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சாவை மாநில அளவில் அனுமதித்த முதல் சட்டம் அது. 1998இல் பெரோன் ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அதே லங்ரனை எதிர்த்து நின்று தோற்றார்.

லட்சுமி (9:40): நீ எழுதியதை முழுவதும் படித்தேன், கல்யாணி. ஆனால் ஞாயிறுக்கு என்ன முடிவு?

சுந்தரம் (10:05): நானும் முழுவதும் படித்தேன். அந்தச் சட்டத்தையும் அன்றே படித்தவன் நான். எய்ட்ஸ், புற்றுநோய் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கஞ்சா நிவாரணம் தரும் வேறெந்த நோய்க்கும் என்று கதவை அகலத் திறந்து வைத்தார்கள். எழுத்து வேண்டாம், மருத்துவர் வாயால் சொன்னாலே போதும் என்றும் வைத்தார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் என் மகன் சேகர் உள்ளே போனான். தூக்கம் வரவில்லை என்று சொன்ன பத்தொன்பது வயதுப் பையனுக்கு, நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மருத்துவர் கடிதம் கொடுத்தார். அதன் பிறகு அவன் படிப்பு என்ன ஆனது என்பது இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

தேன்மொழி (10:09): அண்ணன் இப்போது நலமாக இருக்கிறார், அப்பா.

சுந்தரம் (10:11): இப்போது நலம்தான். அந்த ஆறு ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

கல்யாணி (10:44): அண்ணா, சேகருக்கு நடந்தது சிறிய விஷயம் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. அந்த ஆண்டுகளில் இரவு எத்தனை மணிக்கு நீங்கள் அழைத்தாலும் வந்து நின்றவள் நான். பரிசோதிக்காமல் கடிதம் எழுதிய மருத்துவர் தன் தொழிலுக்குத் துரோகம் செய்தவர். அந்த வாசகம் தளர்வானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இல்லாமல் இருந்திருந்தால், பட்டியலில் பெயர் இல்லாத நோயால் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவர்கள் தொடர்ந்து குற்றவாளிகளாகவே இருந்திருப்பார்கள். 2003இல் சட்டமன்றம் நோயாளிகளுக்கு அடையாள அட்டையும் அளவு வரம்பும் கொண்டுவந்தது. அதை முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயது வந்த எவரும் வாங்கலாம் என்ற 2016ஆம் ஆண்டு முன்மொழிவு 64ஐ பெரோன் எதிர்த்தார். இந்த மாதம் முதல் தேதி கடைகளில் விற்பனை தொடங்கியபோது அவர் மகிழவில்லை. கஞ்சா பயன்படுத்தும் எவரும் மருந்தாகவே பயன்படுத்துகிறார்கள், ஆகவே பொழுதுபோக்குக்கு என்று ஒரு தனிச் சட்டம் தேவையில்லை என்பது அவர் வாதம். சேகரைப் பார்த்த நான் அதை ஏற்கவில்லை, அவரிடமே அதைச் சொல்லியிருக்கிறேன். அதற்காக, தட்டைத் தள்ளிவிட்ட பிள்ளைகளுக்கு அவர் செய்ததை நான் சொல்லாமல் இருக்க முடியாது.

தேன்மொழி (10:52): அத்தை, மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் நாடு முழுவதற்குமான கூட்டரசுச் சட்டம் இன்றும் தடை செய்கிறது என்று வகுப்பில் படித்தோம். 2005இல் உச்ச நீதிமன்றமும் கூட்டரசின் பக்கமே தீர்ப்பளித்தது. ஞாயிறு அன்று இதைப் பற்றியும் பேசுவார்கள் என்றால் நானும் வர விரும்புகிறேன்.

சுந்தரம் (10:58): நீ எதற்கு?

தேன்மொழி (11:00): நான் சட்டம் படிக்கிறேன், அப்பா. கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

முகிலன் (11:06): காரில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. பெரியப்பாவும் விரும்பினால் வரலாம்.

சுந்தரம் (11:30): நான் வருவதாகச் சொல்லவில்லை. கல்யாணி, நீ அங்கே பேசுவதாக இருந்தால் சேகரின் பெயரைச் சொல்லாதே. ஆனால் அந்தத் தளர்வான வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்.

கல்யாணி (11:34): சொல்கிறேன், அண்ணா. எழுதியதும் முதலில் உங்களுக்கே அனுப்புகிறேன்.

லட்சுமி (11:41): அப்படியானால் வீட்டில் கூடுவதை மதியத்துக்கு மாற்றலாமா, அல்லது அடுத்த வாரத்துக்குத் தள்ளலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

முகிலன் (11:43): மதியம் எனக்கு வேலை இருக்கிறது அம்மா. மாலையில் கேட்டுச் சொல்கிறேன்.