ஜவ்வரிசி ஆலைக்கு ஸ்வாட் போட்டோம், எங்கே தப்பு?

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஆலைங்க. 3 வருஷத் திட்டத்துக்கு ஸ்வாட் (தொழிலோட நிலைமையை நாலு கட்டமாப் பிரிச்சுப் பார்க்கிற முறை) எழுதினது: பலம், தரமான சரக்கு. பலவீனம், டிரையர் (உலர்த்துற இயந்திரம்) இல்லை. வாய்ப்பு, டிரையர் வாங்கலாம். அச்சுறுத்தல், ஆள் கிடைப்பதில்லை. படிச்சவங்க "இதில் முடிவு எங்கே?"ன்னு கேக்கிறாங்க.

பதில் 1: டிரையர் வாங்குறது வாய்ப்பு இல்லைங்க, அது நீங்க செய்யப்போற வேலை. ஆலை நாளைக்கே மூடினாலும் அந்த விஷயம் இருக்குமா? இருந்தா வெளிக்காரணம்; வாய்ப்பு, அச்சுறுத்தல் ரெண்டு கட்டத்திலும் அதுதான் வரணும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் கிடைச்ச புவிசார் குறியீடு வாய்ப்பு. மரவள்ளியில் மாவுப்பூச்சி, தேமல் நோய் அச்சுறுத்தல். 'தரமான சரக்கு'ன்னு எல்லாரும்தான் எழுதுவாங்க. சேகோசர்வ் (சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளோட கூட்டுறவுச் சங்கம்) ஏலத்தில் உங்க சரக்குக்குக் கிடைச்ச விலையை அன்றைய சராசரியோட 12 மாசத்துக்கு ஒப்பிடுங்க. சராசரியை விட அதிகமா இல்லைன்னா அந்த வரியை அடிச்சிடுங்க.

பதில் 2: நாலு கட்டத்தோட நின்னா சுவரில் மாட்டத்தான் ஆகும். ஒரு கட்டத்தை இன்னொரு கட்டத்தோட குறுக்கே பொருத்துங்க. களத்து வெயிலை நம்புறது பலவீனம், ஐப்பசி மழை அச்சுறுத்தல். ரெண்டும் சேர்ந்தா ஈர ஜவ்வரிசி புளிச்சு நிறம் மங்கும், விலை இறங்கும். வெட்டின கிழங்கும் ரெண்டு மூணு நாள்தான் தாங்கும், அதனால் அரைக்காம நிறுத்தவும் முடியாது. மழையில் போன மூட்டைக் கணக்கை டிரையர் தவணையோட வச்சுப் பாருங்க, முடிவு அங்கேதான் இருக்கு.

பதில் 3: முதலாளி எதிரில் பலவீனக் கட்டம் காலியாவே இருக்கும். களத்து ஆள், கணக்கர், கிழங்கு வியாபாரி மூணு பேரும் தனித்தனியா சீட்டில் எழுதட்டும். எழுதின ஒவ்வொண்ணுக்கும் பாதிப்புக்கு 5க்கு இவ்வளவு, நடக்கும் சாத்தியத்துக்கு 5க்கு இவ்வளவுன்னு மதிப்பெண் போட்டு, ரெண்டையும் பெருக்கி முதல் மூணை மட்டும் எடுங்க.