ஹாகிக் கிண்ணம் கசிந்தது: ஜப்பான் மண்பாண்டம் புழங்கியவர்கள் சொல்லுங்கள்

ஃபுகுவோகாவிலிருந்து:
மண்பாண்டத்துக்குப் பேர்போன ஹாகி ஊரில் வாங்கிய தேநீர்க் கிண்ணம். மூன்றாம் நாள் தூக்கினால் மேசையில் ஈர வட்டம். விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று எடுத்துப்போனேன். கடைக்காரப் பாட்டி அதை வெளிச்சத்தில் திருப்பி, மேற்பூச்சில் ஓடும் மயிரிழைக் கோடுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் என்னிடமே நீட்டினார். "நிறையக் குடியுங்கள், தானாக நின்றுவிடும்." அவ்வளவுதான். ஆறு வருடமாகக் குடிக்கிறேன். கசிவு நின்றுவிட்டது, வெளிர் சிவப்பாக இருந்த உட்புறம் நிறம் பழுத்துவிட்டது. அங்கே இதை 'ஹாகி நோ நனபகே', ஹாகியின் ஏழு மாற்றம் என்பார்கள். பணம் கேட்கத்தான் வந்தேன் என்று அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

நகோயாவிலிருந்து:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தினம் புழங்கும் பாத்திரம் கசியக் கூடாது. எனக்கு நேர்ந்தது இகா ஊர் தொனாபேயில், அதாவது அடுப்பில் வைத்துச் சமைக்கும் மண்சட்டியில். கழுவிய ஈரத்தோடு அடுப்பில் வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அடியில் குறுக்காக விரிசல். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், இகா மண் பழைய பீவா ஏரிப் படுகை மண். அதில் கலந்திருக்கும் செடிகொடி மக்கு சூளையில் எரிந்துபோய் நுண்துளைகள் விழும். சூடு நின்று பிடிப்பதும் அதனால்தான், தண்ணீர் குடிப்பதும் அதனால்தான். புதுச் சட்டியில் முதலில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஆறும்வரை அப்படியே விட்டு, அப்புறம் கழுவுங்கள். கஞ்சிப் பசை துளையை அடைக்கும். அடிப்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே அடுப்பு. ஹாகிக் கிண்ணத்தையும் முதல் தடவை தண்ணீரில் ஊறவையுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் பூசணம் பிடிக்கும். கசியவே கூடாது என்றால் அரித்தா பீங்கான் வாங்குங்கள்.

ஒசாகாவிலிருந்து:
கஞ்சி என்றதும் அம்மா ஞாபகம். மதுரையிலிருந்து வந்திருந்தார். தொனாபேயோடு வந்த தாளை நான் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருக்க, அம்மா சட்டியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "பழக்காத சட்டிடா, வடிகஞ்சியை ஊத்திக் காய்ச்சு." தாளிலும் அதேதான் இருந்தது. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

ஃபுகுவோகாவிலிருந்து:
நகோயா நண்பருக்கு: அரித்தாவும் வீட்டில் இருக்கிறது, குழம்புக்கு அதுதான். தேநீருக்கு ஹாகிதான் வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் சூடு கைக்கு மெல்ல வருகிறது. பீங்கானில் அது கிடைப்பதில்லை.