இனிப்புப் பட்டாணிக் கலப்பு: பிணைந்த மரபணுக்கள் எவ்வாறு பிரிகின்றன?

மாணவி:
மரபியலர்கள் பேட்சன், சாண்டர்ஸ், பன்னட் ஆகியோர் ஊதா-நீளம், சிவப்பு-உருண்டை வகைப் பெற்றோரைக் கொண்டு செய்த இனிப்புப் பட்டாணிக் கலப்பில், இரண்டாம் தலைமுறையின் 6952 செடிகளுள் ஊதாப்பூவும் நீள மகரந்தமும் கொண்டவை 4831, ஊதாப்பூவும் உருண்டை மகரந்தமும் 390, சிவப்புப்பூவும் நீள மகரந்தமும் 393, சிவப்புப்பூவும் உருண்டை மகரந்தமும் 1338. இரு பண்புகளும் தனித்தனியே கடத்தப்பட்டால் கிடைக்கும் மெண்டலின் 9:3:3:1 விகிதப்படி கடைசி வகையில் ஏறத்தாழ 435 செடிகளே இருக்க வேண்டும். இரு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதே காரணம் என்றால், பெற்றோர் இருவரையும் போலில்லாத 783 செடிகள் எப்படித் தோன்றின? 783-ஐ 6952-ஆல் வகுத்து வரும் 11 சதவீதத்தை மரபணுக்களின் இடைத்தொலைவாகக் கொள்ளலாமா?

தாவரவியல் ஆசிரியர்:
முதல் ஐயத்துக்கு விடை குறுக்கேற்றம். இனச்செல்களை உருவாக்கும் குன்றல் பகுப்பில் ஒத்த குரோமோசோம்கள் இணைசேரும்போது, அவற்றின் குரோமாட்டிடுகள் (இரட்டிப்பான குரோமோசோமின் இழைகள்) அறுபட்டுத் துண்டுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன. அந்த மாற்றம் இரு மரபணுக்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் நிகழ்ந்தால்தான் அவை பிரியும். இடைவெளி குறையக் குறைய அதற்கான வாய்ப்பும் குறையும்.

மரபியல் ஆய்வு மாணவர்:
11 என்பது விடைக்கு அருகில் வந்துவிட்டாலும் வழி சரியன்று. இதில் பலரும் தடுமாறுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மறுசேர்க்கை பெற்ற, அதாவது குறுக்கேற்றத்தால் பெற்றோரிடம் இல்லாத மரபணுச் சேர்க்கையைக் கொண்ட, ஓர் இனச்செல், ஊதா, நீளம் ஆகியவற்றுக்குரிய ஓங்கு அல்லீல்கள் (மேலோங்கித் தோன்றும் மரபணு வடிவங்கள்) இரண்டையும் சுமக்கும் மற்றோர் இனச்செல்லுடன் சேர்ந்தால், பிறக்கும் செடி ஊதா-நீளமாகவே தோன்றும்; நாம் அதை மறுசேர்க்கைக் கணக்கில் சேர்க்கத் தவறிவிடுவோம். எதையும் மறைக்காத வகை சிவப்பு-உருண்டை மட்டுமே, ஏனெனில் அது உருவாக இருபுறமும் ஒடுங்கு இனச்செல்லே வர வேண்டும். 1338-ஐ 6952-ஆல் வகுத்தால் 0.1925, அதன் வர்க்கமூலம் 0.439. ஆகவே இனச்செல்களில் 43.9 சதவீதம் சிவப்பு-உருண்டை, அதே அளவு ஊதா-நீளம். எஞ்சிய 12 சதவீதம்தான் மறுசேர்க்கை, அதாவது ஏறத்தாழ 12 சென்டிமார்கன் (ஒரு சதவீத மறுசேர்க்கையைக் குறிக்கும் மரபணு இடைத்தொலைவு அலகு). மகரந்தத்திலும் சூலிலும் மறுசேர்க்கை ஒரே அளவில் நிகழ்கிறது என்று இக்கணக்கு கொள்கிறது.

விலங்கியல் ஆசிரியை:
அந்தக் கடைசி வரி முக்கியமானது, ஏனெனில் எல்லா உயிர்களுக்கும் அது பொருந்தாது. பழ ஈயில் கருப்பு உடலுக்கும் குறுகிய எச்ச இறக்கைக்கும் உரிய மரபணுக்கள் பிணைந்தவை. அவற்றின் கலப்பினப் பெண் ஈயைச் சோதனைக் கலப்புச் செய்தால் (இரு பண்புகளிலும் ஒடுங்கு வகையான ஈயுடன் கலந்தால்), சந்ததியில் சுமார் 17 சதவீதம் மறுசேர்க்கை வகைகளாக இருக்கும். ஆண் ஈயைக் கொண்டு அதையே செய்தால் பெற்றோர் வகைகள் மட்டுமே கிடைக்கும், ஏனெனில் ஆண் பழ ஈயில் இயல்பாகக் குறுக்கேற்றம் நிகழ்வதில்லை. பழ ஈ மரபியலர் மார்கனின் மாணவர் ஸ்டர்ட்டிவன்ட் 1913-இல் வெளியிட்ட முதல் மரபணு வரைபடமும் பெண் ஈக்களில் நிகழ்ந்த மறுசேர்க்கையைக் கொண்டே அமைந்தது.